அமோனியாவின் மூன்றாவது கேசட்

ரெண்டாவது ட்ரம்மரா? அப்படி ஒருத்தன் கிடையவே கிடையாது தம்பி. யாரு கேட்டா? பிரேசில்ல இருக்கவனா? 'இதுல ரெண்டு பேரு ட்ரம்ஸ் அடிக்கானுவளே, ரெண்டாவது ஆளு யாரு'ன்னு அவன் ஒங்கட்ட கேக்கானா? நல்லாருக்கே கூத்து. முப்பத்து மூணு வருசம் கழிச்சு எங்க ஊருப் பயலுவ கேசட்டுல போட்ட சத்தத்த எங்கேயோ கெடக்கவன் ஒக்காந்து கேக்கான். உள்ள வாங்க. செருப்பு கெடக்கட்டும், பரவால்ல. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல இருங்க.

அந்தப் பேண்டுல மொத்தமே மூணு பேருதான். ரெக்ஸ்டன் கிட்டாரு. சேவியோ ட்ரம்ஸு. இசக்கிதுரை பாட்டு. பாட்டுன்னா பாட்டு இல்ல, தொண்டையக் கிழிச்சுக்கிட்டு ஒரு கத்தல். எல்லாம் பதினாறு, பதினேழு வயசுப் பயலுவ. இதுல சேவியோ என் தங்கச்சி எமில்டா மவன். எனக்கு மருமவன். அவ புருசன் தோணியில மாலத்தீவுக்குப் போய் வாறவன், வருசத்துல முக்காவாசி நாளு கடல்லதான். அதனால அந்தப் பயலுக்கு எல்லாமே நான்தான். சைக்கிள் பழக்கி விட்டது நான். சர்ச்சுல புதுநன்மை வாங்கும்போது சட்ட எடுத்துக் குடுத்தது நான். இத நான் எதுக்குச் சொல்லுதேன்னா, இந்த ஊருல என்னப்பத்தி வேற மாதிரி பேசுவாவ. நீங்க எங்கயாவது கேட்டிருப்பீங்க. அதையும் கேளுங்க, இதையும் கேளுங்க.

அந்த ரெண்டாவது சத்தத்துக்கு வாறேன். பின்னால 'டொக்... டொக்'னு ஒண்ணு வருமே, அதான? அது ஆளு இல்ல தம்பி. அது எங்க கம்ப்ரசரு! ஐஸ் பாக்டரி கம்ப்ரசரு. மீன்பிடித் துறமுகத்துக்கு இந்தப் பக்கம் பெரிய ஐஸ் பாக்டரி ஒண்ணு இருந்தது. இப்ப இடிச்சுட்டு கல்யாண மண்டபம் கெட்டிட்டானுவ. அதுல நான்தான் மேனேஜர். தெலஸ்போர்னு சொன்னா அன்னைக்குத் தூத்துக்குடி போட்டுக்காரன் அத்தன பேருக்கும் தெரியும். நான் கையக் காட்டுனாத்தான் ஐஸ் வண்டியில ஏறும்.

அதச் சொல்லுங்க அந்த பிரேசில்காரன்ட்ட. அது மெஷினுன்னு சொல்லுங்க.

இந்தப் பயலுவளுக்கு அந்தக் கிறுக்கு எப்படிப் பிடிச்சதுன்னு கேட்டீங்கன்னா, கப்பல்லேருந்துதான். ரெக்ஸ்டன் அப்பா வெளிநாட்டுக் கப்பலுக்கு காய்கறி, கறி, முட்டை சப்ளை பண்ணிட்டு இருந்தாரு. இவனும் கூடப் போவான். கப்பல்காரனுவ கேட்டு முடிச்ச கேசட்ட இவனுக்குக் குடுப்பானுவ. மேலட்டையப் பாத்தாலே பயமா இருக்கும். மண்டை ஓடு, தீ, கொம்பு. போலந்துக் கப்பல் ஒண்ணு பதிமூணு நாளு வெளிய காத்துக் கெடந்தது. அதுல ஒருத்தன் தன் கரண்டு கிட்டாரையே இவன்ட்ட குடுத்துட்டுப் போயிட்டான். அன்னைக்குப் பிடிச்ச சனி.

மொதல்ல கோயில் ஹாலுலதான் அடிச்சுப் பாத்தானுவ. சேவியோ கோயில் பேண்டுல இருந்தான், அந்த ட்ரம்மதான் தூக்கி வச்சுக்கிட்டான். ரெண்டு நாள்ல சாமியாரு வெரட்டி விட்டுட்டாரு. எமில்டா வீட்டு மாடியில அடிச்சானுவ, தெருவே திரண்டு வந்துட்டு. கடைசியில எங்கிட்ட வந்து நிக்கான். "மாமா, பாக்டரியில பின்னால அந்த ரூம் சும்மாதான கெடக்கு?" சும்மாதான் கெடந்தது. முன்ன ஐஸ் ஒடைக்கிற மெஷின் இருந்த ரூம். மெஷின் ரூமுக்குள்ள போய், கம்ப்ரசரத் தாண்டி, அந்தக் கடைசியில ஒரு கதவு. அதான் வழி. நான் ஒரு வார்த்த மறுத்துச் சொல்லல. தொறந்து குடுத்தேன். வேற எந்த மாமன் குடுப்பான்? சொல்லுங்க.

பேரு வச்சதுதான் எனக்குப் பிடிக்கல. 'அமோனியா'ன்னு வச்சானுவ. எங்க பாக்டரியில ஓடுறது அமோனியா கேஸுதான, அதுலதான தண்ணிய ஐஸாக்குறது. உள்ள வந்தாலே மூக்குல ஏறும். இவனுவளுக்கு அது பெரும. ட்ரம்முல வெள்ளப் பெயிண்டுல எழுதி வச்சான் சேவியோ. நான் அன்னைக்கே சொன்னேன், "ஏல, ஆளக் கொல்லுத கேஸு பேர எவனாவது வைப்பானால? பூ பேரு வை, புண்ணியவான் பேரு வை." சிரிக்கான். பேருல இருக்கு தம்பி. எல்லாம் பேருல இருக்கு. ஒரு பேர ஓயாமச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டா அது வந்து நிக்கும்.

இசக்கிதுரை யாருன்னு சொல்லல பாருங்க. அவன் எங்க கம்ப்ரசர் ஆபரேட்டரு மாசானம் மவன். மாசானம்னா மாசானமுத்து. பத்தொம்போது வருசம் அந்த மெஷினடியிலயே கெடந்தவன். குத்தம் சொல்லக் கூடாது, வேலக்காரன்தான். ஆனா பயந்தாங்கொள்ளி. மெஷின் லேசா இருமுனாப் போதும், ஓடி வருவான். "சார், இன்னைக்கு அதுக்கு மேலுக்குச் சரியில்ல சார்." மனுசனுக்குச் சொல்லுத மாதிரி சொல்லுவான்.

ஜூலையில மொத கேசட் எடுத்தானுவ. ரெக்ஸ்டன் வீட்டு டேப் ரிக்கார்டரத் தூக்கிட்டு வந்து நடுவுல ஒரு ஐஸ் டின்னக் கவுத்துப் போட்டு அதுமேல வச்சு எடுத்தானுவ. அதுல நீங்க கேட்டிருப்பீங்க, அந்த டொக் சத்தம் லேசாத்தான் இருக்கும். பழைய மெஷின் எல்லாம் லேசாத் தட்டும். சேவியோ என்ன பண்ணுனான் தெரியுமா? அந்தத் தட்டலயே தாளமா எடுத்துக்கிட்டான். கண்ண மூடிட்டு அத எண்ணுவான். எண்ணி, அதுமேல அடிப்பான். "மாமா, நம்ம பேண்டுல நாலாவது ஆளு ஒங்க மெஷின்தான்"னு சொன்னான். மூள பாத்தீங்களா? எனக்குப் பெருமையா இருந்தது. ஆபிஸுக்கு வாற போட்டுக்காரன்ட்டலாம் சொன்னேன், எங்க மெஷின் பாட்டுக்குத் தாளம் போடுதுன்னு.

ஆகஸ்டுல ரெண்டாவது கேசட். அதுல கொஞ்சம் கூடக் கேக்கும். ஆமா, நீங்க சொல்லுதது சரிதான், கூடத்தான் கேக்கும். டேப் ரிக்கார்டரக் கிட்ட வச்சிருப்பானுவ.

அந்த வருசம் கணவாய் மீன் பட்டது பாருங்க, என் சர்வீஸ்ல அப்படி நான் பாத்ததில்ல. போட்டு ஒவ்வொண்ணும் பாரத்துல தாந்து வருது. கரையில ஐஸ் இல்லன்னா ரெண்டு மணி நேரத்துல கணவாய் செவந்து போயிரும், ஏற்றுமதிக்காரன் தொட மாட்டான். விடியுறதுக்குள்ள வாசல்ல வண்டி நிக்கி. அப்பப் பாத்து மாசானம் வந்து நிக்கான். "சார், உள்ள பேரிங் போயிட்டு சார். தட்டுது. ரெண்டு நாளு நிறுத்திப் பிரிச்சுப் பாக்கணும்."

"ரெண்டு நாளா? இந்த சீசன்லயா? ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?"

"சார், ஒரு நாளாவது."

"மொதலாளிட்ட கேக்கேன்"னு சொன்னேன். கேக்கவும் செஞ்சேன். கேக்கலன்னு யாரும் சொல்லக் கூடாது. மொதலாளி அப்ப மதுரையில இருந்தாரு, போன்ல கேட்டேன். 'மெஷின் ஓடுதா?'ன்னாரு. 'ஓடுது'ன்னேன். 'அப்ப என்ன?'ன்னாரு. நான் சம்பளக்காரன் தம்பி. அதுக்கு மேல நான் என்ன பேச முடியும்? சீசன் முடியட்டும், பிரிச்சுருவோம்னு மாசானத்துட்ட சொன்னேன். மறுபடி வந்தான். மறுபடி சொன்னேன். இப்படி ஒரு நாலஞ்சு தடவ வந்திருப்பான்.

இதுக்கெடையில பக்கத்துல வல பின்னுத எடத்துலேருந்து ஆளு வந்துட்டு. பயலுவ போடுத சத்தத்துல பொம்பளையளால வேலை செய்ய முடியலையாம், போலீஸ்ல சொல்லப் போறாவளாம். இன்னொருத்தனா இருந்தா பயலுவள வெளிய போங்கலன்னு சொல்லிருப்பான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அந்த ரூமுக்கு ஒரே ஒரு சன்னல், கடல் பக்கம். அத அடச்சேன். நான்தான், என் கையால. ரெண்டு மடிப்பு சாக்கு வச்சு, அதுமேல பலகை வச்சு, மூணு இஞ்சு ஆணி. வெளிய ஒரு பொட்டுச் சத்தம் போகாது. சேவியோ என்னக் கெட்டிப் பிடிச்சுக்கிட்டான். "மாமா, இப்பதான் மாமா நெசமான ஸ்டூடியோ." அவ்வளவு சந்தோசம் அவனுக்கு. நான் அந்தப் பயலுவளுக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாவ.

காப்பி ஆறுது பாருங்க. குடிங்க.

இசக்கிதுரை எழுதுத பாட்டுதான் சரியில்ல. ஒண்ணு கேட்டேன், இன்னும் காதுல நிக்கி. 'எங்கப்பன் காதுக்குள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான், சுத்தியலால அடிக்கான், அவனும் தூங்கல, எங்கப்பனும் தூங்கல'ன்னு. இதக் கத்துதான். கழுத்து நரம்பு பொடச்சுக்கிட்டு நிக்கி. சாத்தான் பாட்டு இல்லாம வேற என்ன இது? அர்த்தமே இல்லாம? சுத்தியலாம், காதுக்குள்ள ஒருத்தனாம். "ஏல, நல்லதா எழுதக் கூடாதால?"ன்னு கேட்டேன். "அண்ணாச்சி, இது எங்கப்பா சொன்னதுதான்"னான். அந்த வயசுல அப்பனையே இப்படிச் சொல்லுதான் பாருங்க.

சரி. அந்த நாளச் சொல்லணும். நீங்க அதுக்குத்தான வந்திருக்கீங்க.

செப்டம்பர் இருபத்தொண்ணு. சனிக்கெழம. காலையில பதினோரு மணி இருக்கும். பயலுவ மூணாவது கேசட் எடுத்துட்டு இருந்தானுவ. ரெக்ஸ்டனுக்குக் கிட்டார் கம்பி அத்துட்டு, வேற எடுக்க வீட்டுக்குப் போயிட்டான். அதுலதான் அவன் பொழச்சான். இப்ப மும்பையில இருக்கான்லா, அவன்தான என் அட்ரஸ் குடுத்தது? நான் முன்னால ஆபிஸ்ல. ஆறு போட்டுக்காரன் மேசையச் சுத்தி நின்னு கத்துதான். அந்த நேரம் உள்ள ஒரு வெடி. லாரி டயர் வெடிச்ச மாதிரி. அடுத்த நிமிசம் மெஷின் ரூம் வாசல்லேருந்து வெள்ளையா வருது. பஞ்சு பஞ்சா. அழகா இருந்தது தம்பி, மொத ஒரு நொடி. பெறவு மூக்குல ஏறுச்சு பாருங்க. நெஞ்சுக்குள்ள யாரோ கைய விட்டு மிளகாப்பொடியத் தேச்ச மாதிரி. கண்ணு தொறக்க முடியல. ஆளுவ ஓடுது. நானும் ஓடுனேன். ஓடுனேன்தான். யாரு ஓடாம நிப்பா?

பெறவு திரும்பி வந்தேன். துண்ட நனச்சு மூஞ்சில கெட்டிட்டு மூணு தடவ உள்ள போகப் பாத்தேன். கம்ப்ரசர் மண்டையே ஒடஞ்சு தெறிச்சுக் கெடக்கு, அதுலேருந்துதான் கேஸ் வருது. அதத் தாண்டித்தான அந்தக் கதவு. தாண்ட முடியல. தீயணைப்பு வண்டி வந்து தண்ணி அடிச்சு அந்தக் கதவு வரைக்கும் போக ஒண்ணே முக்கா மணி ஆயிட்டு.

மாசானத்த வண்டி வந்ததுமே மொதல்ல தூக்கிட்டு வந்தானுவ. உசுரு இருந்தது. கண்ணு ரெண்டும் போயிட்டு. பயலுவ ரெண்டு பேரும் சன்னலுக்குக் கீழ கெடந்தானுவ. சாக்க முழுசாக் கிழிச்சிருந்தானுவ. பலகையில நகம் பதிஞ்சிருந்தது. ஆணிதான் வரல. நல்ல ஆணி, கப்பல் வேலைக்கு அடிக்கிறது.

இல்ல, அழல. வயசாயிட்டா கண்ணுல தண்ணி வடியும்.

விசாரண வந்தது. ஒரு மாசம் கழிச்சு, கலெக்டர் ஆபிஸ்ல. என்னக் கேட்டாவ, மெஷின் எப்படி இருந்ததுன்னு. நல்லா ஓடுச்சுன்னேன். ஓடத்தான செஞ்சது? அன்னைக்குக் காலையில நான் உள்ள போனேனான்னு கேட்டாவ. போகலன்னேன். ஆபரேட்டர் எங்க இருந்தான்னு கேட்டாவ. அந்தப் பின் ரூம்ல மவன் பாடுறதப் பாத்துட்டு நின்னான், மெஷினப் பாக்கலன்னேன். அதுதான நெசம்? மெஷினடியில இருந்திருந்தா வால்வ அடச்சிருப்பான்லா? எந்த அப்பன் மவன் பாடுறதப் பாக்காம இருப்பான்? போதாததுக்கு அந்தச் சத்தம். அந்தச் சத்தத்துல மெஷின் சத்தம் யாருக்குக் கேக்கும்? பாட்டுதான் தம்பி ஆளக் கொன்னது. நான் விசாரணையிலயும் அதான் சொன்னேன். எழுதிக்கிட்டாவ. மாசானம் கண்ணுல கட்டோட ஒக்காந்திருந்தான். அவன்ட்ட கேட்டாவ. "நான் மெஷின விட்டுப் போகல அய்யா"ன்னு மட்டும் சொன்னான். வேற சாட்சி யாரு இருக்கா? ரெக்ஸ்டன் கம்பி எடுக்கப் போயிட்டான். மத்த ரெண்டு பேரும் உசுரோட இல்ல.

கடைசியா எமில்டாட்ட கேட்டாவ. "ஒங்களுக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?"ன்னு. அவ என்னயப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பெறவு "இல்ல"ன்னா. கூடப் பெறந்தவ பாருங்க. அவ்வளவு சங்கடத்துலயும் அண்ணன விட்டுக் குடுக்கல.

ஆனா அன்னைக்கு வெளிய வந்தவ, இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. முப்பத்து மூணு வருசம். இந்தத் தெருவுக்கு அடுத்த தெருதான் தம்பி அவ வீடு. என் பொண்டாட்டி செத்தப்ப வந்தா, பொணத்துக்குப் பூ வச்சா, போயிட்டா. சரி, மவன் செத்த கோவம், ரூமத் தொறந்து குடுத்தது நான்தான, அதுக்குப் பேச மாட்டேங்கான்னு நான் மனசத் தேத்திக்கிட்டேன். ஆனா இன்னொண்ணு பண்ணுனா பாருங்க. மாசானத்த குவார்ட்டர்ஸ்லேருந்து காலி பண்ணச் சொல்லிட்டாவ, வேல போயிட்டுலா. அவனையும் அவன் பொஞ்சாதி சுடலியையும் கூட்டிட்டு வந்து தன் வீட்டுக் கீழ்ப் போர்ஷன்ல வச்சுக்கிட்டா! வாடக கெடையாது. சோறும் இவதான். எப்படி இருக்கு? யாரால அவ புள்ள செத்தான்? அவன வீட்டுல வச்சுச் சோறு போடுதா, கூடப் பெறந்த அண்ணன் மூஞ்சில முழிக்க மாட்டேங்கா. ஊருல நாலு பேரு கேப்பாவளே, எனக்கு எப்படி இருக்கும்?

அப்ப நான் அந்த வழியாத்தான் தெனமும் போவணும். மாசானம் வாசல்ல ஒக்காந்திருப்பான், கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. என் சைக்கிள் செயினு சத்தத்த வச்சே நான்னு கண்டுபிடிச்சிருவான். காதுதான் அவனுக்கு அப்படி. நான் வரும்போது மொகத்த என் பக்கம் திருப்புவான், நான் போகப் போக மொகமும் கூடவே வரும், முக்கு திரும்புத வரைக்கும். ஒம்போது வருசம். பெறவு நான் சைக்கிள விட்டுட்டேன், சுத்து வழியா நடந்து போனேன். அவன் செத்தபெறவும் அந்த வழி பழகல.

என்ன கேட்டீங்க? மூணாவது குரலா?

மூணாவது கேசட்டுலயா? கடைசிப் பாட்டுக்கு முன்னால ஒரு பெரிய ஆளு பேசுதானா? பயலுவ ரெண்டு பேரு, அதுபோக ஒரு ஆம்பளக் குரலு. அது யாருன்னு தெரியணுமா ஒங்களுக்கு?

தம்பி. அது மாசானம்! வேற யாரு? பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்லா, அவன் மெஷின விட்டுட்டு அந்த ரூமுக்குள்ளதான் நின்னான்னு! கடவுள் இருக்காரு. முப்பத்து மூணு வருசம் கழிச்சு டேப்புலயே வருது பாருங்க. இத எமில்டா கேக்கணும். மொதல்ல அவ கேக்கணும். போன்ல இருக்கா? போடுங்க. சத்தமா வைங்க, எனக்கு எடது காது மந்தம்.

ஆங். இது சேவியோ அடிக்கிறது. இது இசக்கி. ஆமா, இந்தா கம்பி அத்துட்டு, கேக்குதா? ரெக்ஸ்டன் திட்டுதான். போறான். கதவு. இப்ப மெஷின் நல்லாக் கேக்குது. டொக்கு டொக்குன்னு. என்ன இப்படி அடிக்கி? இவ்வளவாவா...

பொறுங்க. மறுபடி போடுங்க.

"மேனேஜர் அண்ணாச்சி, அப்பா ஒங்கள்ட்ட சொல்லச் சொன்னாரு, அவரு சொன்னா நீங்க கேக்கலையாம். சத்தம் மாறிட்டாம். உடனே மெஷின நிறுத்தணுமாம். ஒங்களக் கேக்காம நிறுத்துனா வேல போயிரும்னு பாக்காரு." இது இசக்கி.

"நிறுத்தக் கூடாது. வெளிய ஆறு போட்டு நிக்கி. அங்கனயே நின்னு பாத்துக்கிடச் சொல்லு."

"மாமா, நெசமாவே வேற மாதிரி இருக்கு மாமா. எண்ணவே முடியல, தாளம் தப்புது." இது சேவியோ.

"ஒண்ணும் ஆவாதுல. ஒண்ணும் ஆவாது. நீ அடி."

இது நான் இல்ல தம்பி. நான் அன்னைக்கு உள்ள போகல. நான் ஆபிஸ்ல இருந்தேன், போட்டுக்காரனுவ...

நான்தான்.

கடைசியில கேக்குதுலா அந்தச் சிரிப்பு, அது என் சிரிப்புதான். அப்பல்லாம் அப்படித்தான் சிரிப்பேன். கதவச் சாத்துறது கேக்குது. நான் சாத்திட்டுப் போறேன். சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு இறுக்கிச் சாத்துறேன்.

பெறவு ரெண்டு பேரும் கிட்டார் இல்லாமலே பாடுதானுவளா? சேவியோவும் மெஷினும் இசக்கியும். எவ்வளவு நேரம்? பதினோரு நிமிசமா? அதுக்குப் பெறவு என்ன இருக்கு? ஒண்ணும் இல்லையா? டேப் தீந்துட்டு. நல்லவேள. நல்லவேள தம்பி.

போட வேண்டாம். பதினோரு நிமிசத்த நான் கேக்க மாட்டேன்.

ஒண்ணு செய்யுங்க. அந்தப் பேசுத எடத்த மட்டும் வெட்டிருங்க. பாட்டு இருக்கட்டும், பாட்டு நல்லாத்தான் இருக்கு. நடுவுல பேசுறது எதுக்கு? வெளிநாட்டுக்காரனுக்கு அது புரியவா போகுது?

என்ன சொல்லுதீங்க? ஏழு மாசமா நெட்டுல கெடக்கா? முழுசாவா?

அவனுவளுக்கு அந்தப் பேச்சுதான் ரொம்பப் பிடிச்சிருக்கா?

பாட்டோட வரின்னு நெனச்சுக்கிட்டானுவளா. மேடையில பாடுதானுவளா. வீடியோவா? காட்டுங்க பாப்போம்... இருட்டா இருக்கு. எத்தன பேரு இது? ஆயிரம் இருப்பானுவளா? கையத் தூக்கிட்டு நிக்கானுவ. என்ன கத்துதானுவ?

'ஒண்ணும் ஆவாது.' 'ஒண்ணும் ஆவாது.'

வெள்ளக்காரனுவ. தமிழ்ல. ஆவாதுங்கிறது சரியா வரல அவனுவளுக்கு. ஆனா நான் சொன்ன மாதிரியேதான் இழுக்கானுவ.

அணைங்க தம்பி அத.

ரெக்ஸ்டன்ட்ட ரெண்டு கேசட்டுதான இருந்திருக்கும்? மூணாவது டேப் ரிக்கார்டருக்குள்ளதான இருந்தது, அந்த ரூமுல? டேப் ரிக்கார்டர போலீஸ்காரன் எடுத்தான். பெறவு உள்ள இருந்த கேசட்ட எமில்டாட்டதான் குடுத்தான், சேவியோ சட்ட, ட்ரம்ஸ் குச்சி எல்லாத்தோடயும். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக் குடுத்தேன். நானே குடுத்தேன். அப்ப ஒங்களுக்கு இந்தக் கேசட்டத் தந்தது...

ம்.

அவ எப்ப கேட்டாளாம் இத? ஒங்கட்ட சொன்னாளா?

அடக்கம் முடிஞ்ச மறுநாளா? மவன் குரல் கேக்கணும்னு போட்டாளா?

அப்ப விசாரணைக்கு வரும்போது அவளுக்குத் தெரியும். நான் எந்திரிச்சு, போகல, அவன்தான் உள்ள நின்னான்னு சொல்லும்போது அவ மூணாவது பெஞ்சுல ஒக்காந்திருந்தா. கையில மஞ்சப் பை ஒண்ணு வச்சிருந்தா. நான் அதுல செபமாலையும் தண்ணி பாட்டிலும் இருக்குன்னு நெனச்சேன். அந்த ஆபீசர் கேக்காரு, ஏதாவது சொல்லணுமாம்மான்னு. அவ என்னயப் பாக்கா. நான் சொல்லுவேன்னு பாத்திருக்கா தம்பி. இப்பவாவது எந்திரிச்சுச் சொல்லுவான்னு அவ்வளவு நேரம் பாத்திருக்கா. நான் தலையாட்டுனேன். 'ஒண்ணும் சொல்லாத, நான் பாத்துக்கிடுதேன்'ங்கிற மாதிரி தலையாட்டுனேன்.

எழுதுங்க. மாசானமுத்து மெஷின விட்டு எங்கயும் போகல. நாலு தடவ வந்து சொன்னான், அஞ்சாவது தடவ மவன விட்டுச் சொன்னான். நான் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்தேன். வெடிச்சபோது அவன் வால்வப் பிடிச்சுக்கிட்டுதான் கெடந்தான், தூக்கிட்டு வந்த தீயணைப்புக்காரன் எங்கிட்ட சொன்னான், கைய வால்வுலேருந்து பிரிச்சு எடுக்க முடியலன்னு. அத நான் யாருட்டயும் சொல்லல. கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு அடைக்கப் பாத்திருக்கான். மூடிருந்தாக் கண்ணாவது மிஞ்சிருக்கும்.

எழுதிட்டீங்களா? தெலஸ்போர் சொன்னதுன்னு போட்டுக்கிடுங்க.

நீங்க இப்ப எங்க போறீங்க? கேசட்டக் குடுக்க எமில்டா வீட்டுக்கா? எனக்கும் ஒரு சட்டய மாட்டிக்கிட்டு வந்துரலாம்னுதான் இருக்கு. அடுத்த தெருதான், நேர் வழியாப் போனா ரெண்டு நிமிசம். எமில்டாவப் பாத்துக்கூட எனக்குப் பயம் இல்ல தம்பி. கதவத் தொறக்கிறது சுடலி. மாசானம் பொஞ்சாதி. இன்னும் அங்கதான இருக்கா, கீழ்ப் போர்ஷன்ல. நான் அவள்ட்டதான் மொதல்ல சொல்லணும். 'ஒம் புருசன் மெஷின விட்டுப் போகல'ன்னு சொல்லணும். அவ 'எனக்குத் தெரியும்'னு சொல்லுவா.

அதுக்குப் பெறவு நான் என்ன சொல்ல?